அந்தச் சூத்திரம் அவன் கட்டியதல்ல

சேகரு, நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து என் கையால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனாய், நலமாகத்தான் இருப்பாய். நேரில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் நீ செருப்பைத் தேடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று எனக்குத் தெரியாது, நீயே போட்டுக்கொண்டு படி. ஆனால் நடந்தது எதுவும் எனக்கு மறக்காது. அதில் எவனும் எனக்குத் திருத்தம் போட முடியாது.

கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டு வந்த தாளை என் முன்னால் வைத்தாய். பெண் வீட்டார் பெயர் இருந்தது, அப்பா பெயர், என் பெயர், அக்கா அத்தான் பெயர் எல்லாம் இருந்தது. கடைசியில் கொட்டை எழுத்தில் ‘தாய்மாமன் கோதண்டம், கரையான்சாவடி’ என்று இருந்தது. நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அதற்கு நீ என்ன சொன்னாய்? “அம்மா, நான் மாமாகிட்டயே கேட்டுட்டேன். அந்தக் காத்தாடி விஷயம் அவருக்கு ஞாபகமே இல்லம்மா. எந்தக் காத்தாடின்னு கேக்குறாரு. நீதான் இன்னும் மனசுல வெச்சிகினு கீற” என்றாய். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. ஆமாம் செய்தேன், இப்போது என்ன என்று அவன் கேட்டிருந்தால்கூட, சண்டை போட எதிரே ஓர் ஆள் இருக்கிறான் என்று ஆறுதலாக இருந்திருக்கும். மறந்துவிட்டானாம். அறைந்துவிட்டுப் போனவன் எந்தக் கன்னம் என்று கேட்கிறான்.

அதனால் முழுதாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது பாதி, அந்தப் பாதியும் உன் மாமன் வாயால் வந்தது. அப்போது நாம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீ சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். கோடை லீவு விட்டால் ஆடி முடியும் மட்டும் அந்த மைதானத்துக்கு மேலே வானமே தெரியாது, அவ்வளவு காத்தாடி. என் அண்ணன், அதுதான் உன் மாமன், கரையான்சாவடி ரோட்டில் நோட்டு, பேனா, பம்பரம், கோலி எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தான். சீசன் வந்தால் காத்தாடிதான் அவனுக்கு முக்கிய வியாபாரம். அவ்வளவையும் ஒட்டிக் கொடுத்தது நான். மூங்கில் சிம்பைச் சீவி, வண்ணத் தாளை மடித்து வெட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு மைதாப் பசை காய்ச்சி, கூடம் முழுக்கக் காயப் போட்டு வைப்பேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. கட்டில் மேல் ஏறி நடந்துதான் குளிக்கப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

காத்தாடிக்கு உயிர் தாளிலும் இல்லை, வாலிலும் இல்லை, சூத்திரத்தில்தான் இருக்கிறது. வளைத்த வில்லும் நடுக்குச்சியும் சேருகிற இடத்தில் ஒரு நூல், நடுக்குச்சியின் கீழே ஒரு நூல், இரண்டையும் இழுத்துச் சேர்த்து ஒரு முடிச்சு. அதுதான் சூத்திரம். பறக்க விடுகிற நூலை அந்த முடிச்சில்தான் கட்டுவார்கள். காற்று மெதுவாக இருந்தால் முடிச்சு கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், பலமாக அடித்தால் மேலே இருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் முடிச்சு போட்டால் போட்டதுதான். காலையில் சொன்ன பேச்சைக் கேட்ட காத்தாடி, சாயங்காலம் கடல் காற்று வந்ததும் தலைகீழாகக் குத்தும். பிரித்துக் கட்டப் போனால் தாள் கிழியும். வாங்கினவர்கள் கடைக்கு வந்து கத்துவார்கள். அண்ணன் அந்த ஏச்சை ஒரு சொல் சிந்தாமல் என்னிடம் கொண்டுவந்து கொட்டுவான். “இன்னாம்மா கட்டிக் குடுத்துகீற? மேல போனதெல்லாம் குட்டிக்கரணம் அடிக்குதுன்றான். மானம் போவுது எனக்கு.” அவன் மானம் போனால் அது என் கைக்குற்றம். நினைவில் வைத்துக்கொள், பேர் வாங்கும்போது மட்டும் அது யார் கை என்று அவனுக்குத் தெரியாது.

உன் அக்கா பள்ளிக்கூட விழாவில் ஆடுவதற்காகப் பக்கத்து வீட்டில் ஒரு முத்துமாலை இரவல் வாங்கியிருந்தோம். அவள் கழுத்துக்கு அது பெரிதாகத் தொங்கியது. பின்னால் இருந்த கயிற்றில் நூல் சுற்றிய உருண்டையைப் பிடித்து மேலே தள்ளினேன். மாலை கழுத்தோடு வந்து நின்றது. தள்ளினால் நகர்கிறது, விட்டால் நிற்கிறது. அவள் குதிக்கிறாள், தலையை ஆட்டுகிறாள், அது இருந்த இடத்தில் இருக்கிறது. நான் அவள் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். “யம்மா, நேரமாவுது, பூ வெச்சி உடு” என்று அவள் கத்தியது என் காதில் விழவில்லை. அன்றைக்கு விழாவில் அவள் என்ன ஆடினாள் என்று என்னைக் கேட்காதே. என் கண் முன்னால் அந்தக் கயிறுதான் ஆடிக்கொண்டிருந்தது.

மேலிருந்து கீழே சூத்திரத்தை ஒரே நூலாகத் தளர்த்தி விட்டு, அதன்மேல் இன்னொரு நூலைச் சுற்றி நகர்கிற மாதிரி ஒரு வளையம் போட்டேன். முதலில் மெழுகு தேய்த்த நூலில் சுற்றினேன். வானத்தில் போனதும் வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது, காத்தாடி தண்ணீர்த் தொட்டி மேல் போய் விழுந்தது. அடுத்தது தையல் நூல். அது இறுகிக்கொண்டு அசையவே மறுத்தது. பிறகுதான் பூ கட்டுகிற நூலை எடுத்தேன். அதில் ஒரு சொரசொரப்பு உண்டு. லேசாக ஈரம் பண்ணிச் சுற்றினால், இழுக்கும்போது கெட்டியாகப் பிடிக்கும், தளர்த்தித் தள்ளினால் நகரும். மேலே வில்லின் இரண்டு பக்கமும் நூலைப் பிரித்து அங்கேயும் அதேபோல் ஒரு குட்டி வளையம் வைத்தேன். ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிற காத்தாடியையும் அதைத் தள்ளி நேராக்கலாம். ஒரு காத்தாடி, எந்தக் காற்றுக்கும். கிழிக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம். ஒன்று சொல்கிறேன் கேள். கழுத்துக்குப் பின்னால் கை போட்டு, கண்ணால் பார்க்காமல் கயிறு ஏற்றி இறக்கிப் பழகாத எவனுக்கும் அந்த முடிச்சு தோன்றாது. உன் மாமன் தன் ஆயுளில் கழுத்தில் போட்டது துண்டு ஒன்றுதான்.

அண்ணன் வந்து பார்த்தான். தள்ளிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான். “நல்லாக் கீதே. எல்லாத்துக்கும் இதே மாதிரி போட்டுக் குடு” என்றான். போட்டுக் கொடுத்தேன். ஒரு கட்டு தீர்ந்ததும் அடுத்த கட்டு. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஆவடியிலிருந்து பஸ்ஸில் போவேன். கண்டக்டர்கூட, “யம்மா, பறந்து போவற பொருளை வெச்சிகினு பஸ்ஸுல ஏன் வர்ற?” என்று கேலி பண்ணுவான். அப்படி ஒரு நாள் கடை வாசலில் போய் இறங்குகிறேன். அம்பத்தூரிலிருந்து மொத்தமாக வாங்க வந்த கடைக்காரர் ஒருவர், காத்தாடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள்.

“இன்னா அண்ணாத்தே, சோக்கா கீதே. காத்து மாறுனா இத்த இப்டித் தள்ளிக்கினா போதுமா? யாரு மூளை இது?”

“நம்முளுதுதான் மாமே” என்றான் என் அண்ணன். “ரொம்ப நாளா ரோசனை பண்ணிகினே இருந்தேன். ஒரு நாள் பட்டுனு வந்துகிச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். “இந்தம்மா யாரு?”

“ஒட்டிக் குடுக்குற பொம்பள. நம்ம தங்கச்சிதான்.”

அந்த வரிசையைக் கவனி, சேகர். முதலில் ஒட்டிக் கொடுக்கிற பொம்பளை, அதற்கப்புறம் தங்கச்சி. ஒரே வயிற்றில் பிறந்தவனுக்கு என்னைச் சொல்ல முதலில் வாயில் வந்தது அது. நாலு பேர் நிற்கிற இடத்தில் அண்ணனைப் பொய்யன் என்று சொல்லக்கூடாது என்று எங்கள் அம்மா பாரிவாக்கத்தில் வளர்த்த வளர்ப்பு. அந்த வளர்ப்பைத்தான் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டை இறக்கி வைத்தேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். அடுத்த தடவை போனபோது கடை மேலே பலகை ஏறியிருந்தது. சிவப்புப் பெயிண்டில் ‘கோதண்டம் சூத்திரம் இங்கே கிடைக்கும்’.

அது பலகையோடு நின்றிருந்தால் பெயிண்ட் உதிர்ந்ததும் போயிருக்கும். ஒரு சாயங்காலம் நீ மைதானத்திலிருந்து ஓடி வந்தாய். காத்தாடி கிழிந்திருந்தது. “யம்மா, வேற ஒண்ணு குடு. கோதண்டம் சூத்திரம் போட்டுக் குடு” என்றாய். என் வீட்டில், என் பசைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் பெற்ற பிள்ளை என்னிடம் கேட்கிறது. முதுகில் ஒன்று வைத்தேன். எதற்கு அடித்தேன் என்று உனக்குத் தெரியாமல் அழுதாய். அது உனக்கு விழ வேண்டியதல்ல, அவனுக்குச் சேர வேண்டியது, அவன் கிட்டத்தில் இல்லை. அதையும் அவன் கணக்கிலேயே எழுதிக்கொள்.

மறு வருஷம் கோடைக்கு நான் மூங்கிலைத் தொடவில்லை. அண்ணன் மாம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தான்.

“இன்னாம்மா தங்கச்சி, சீசன் வந்திடுச்சி, கடை காலியா கீது. கை கிய் வலிக்குதா?”

“கை நல்லாத்தான் கீது” என்றேன். “கோதண்டம் சூத்திரத்தைக் கோதண்டம்தானே கட்டணும்? நான் யாரு கட்டறதுக்கு?”

“அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற? அண்ணன் தங்கச்சிக்குள்ள இன்னா உன்னுது என்னுது?”

“அப்டின்னா பலகையில என் பேரை எழுது.”

சிரித்தான். தொப்பை குலுங்கச் சிரித்தான். “பொம்பள பேருல காத்தாடியா? எவன் வாங்குவான்? கோலமாவுன்னு நெனைச்சிகினு போயிடுவான்.” உன் அப்பாவும் கூடச் சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் என்று சொன்னேனே, அது இந்தச் சிரிப்புக்கு. அண்ணன் போன பிறகு, “காத்தாடிக்கா சண்டை? உங்க அண்ணன்தானே, விட்டுத் தள்ளு” என்றார். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று அவரையே கேள். ஆனால் அந்த மாம்பழத்தை நான் தொடவில்லை. அழுகும் வரை பையிலேயே கிடந்தது. எறும்பு வந்தது, எறும்புக்குத்தான் போட்டேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். குவார்ட்டர்ஸில் நம் வரிசையில் மதுரைக்காரி, சேலத்துக்காரி, நாகர்கோவில்காரி என்று எல்லா ஊர்ப் பெண்களும் இருந்தார்கள் அல்லவா. மத்தியானம் சோறு தின்று முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த முடிச்சைச் சொல்லிக் கொடுத்தேன். சட்டென்று வந்துவிட்டது, எல்லோரும் மாலைக் கயிறு இழுத்த கைகள்தானே. ஆடி வருவதற்குள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஒருவரும் கடையில் காத்தாடி வாங்கவில்லை. பட்டாபிராமிலிருந்து உறவுக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். அண்ணன் யார் யாரையோ வைத்துக் கட்டிப் பார்த்தான். ஒன்று இறுகிப் போகும், ஒன்று அவிழ்ந்து போகும். கடையில் கட்டித் தொங்கவிட்டவையெல்லாம் வெயிலில் சாயம் வெளுத்துத் தொங்கின. அதைப் பார்ப்பதற்காகவே கரையான்சாவடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவேன். ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்காருவேன். எனக்கு அப்போது கிடைத்த நிம்மதி எந்தக் கோயில் வாசலிலும் கிடைத்ததில்லை.

அந்த நிம்மதி எவ்வளவு நாள் நிலைத்தது தெரியுமா? ஒரு நாள் மதுரைக்காரி மகன் மைதானத்தில் இன்னொருவனிடம் சொல்கிறான், “எங்கம்மா கோதண்டம் சூத்திரம் சூப்பராப் போடும்டா.” நான் அவளைக் கூப்பிட்டு, இந்தப் பேரை யார் சொன்னது என்று கேட்டேன். அவள் பாவம், விழித்தாள். “எல்லாரும் அப்படித்தானேக்கா சொல்றாக? கோதண்டம்னா ராமரு வில்லுல்ல? காத்தாடியில வில்லு இருக்குல்ல, அதுக்குத்தான் அந்தப் பேருன்னு நெனச்சேன்” என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் வியாபாரத்தைக் கெடுக்க நான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவன் பெயரை. அவன் கடையில் கிடந்திருந்தால் கரையான்சாவடியோடு போயிருக்கும். நான் அதை ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் அனுப்பி வைத்தேன். வேறு என்ன பெயரை நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? அந்தக் குவார்ட்டர்ஸில் என் பெயர் யாருக்குத் தெரியும்? பால்காரனுக்கும் சேகர் அம்மா, பூக்காரிக்கும் சேகர் அம்மா. போன மாதம் உன் அக்கா பெண் இப்போது நாங்கள் இருக்கிற வேப்பம்பட்டுக்கு வந்து, “ஆயா, உனக்குக் கோதண்டம் சூத்திரம் போடத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டாள். இந்தத் தடவை நான் அடிக்கவில்லை. வயதாகிவிட்டது.

நீ சொல்வாய், மாமாதான் எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லேத் வேலை வாங்கிக் கொடுத்தார் என்று. வாங்கிக் கொடுத்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறான் என்று எண்ணிப் பார்த்தாயா? உன் நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பாவிடம், நீ பக்கத்தில் நிற்கும்போதே, “நான் இல்லாட்டி இவன் தெருவுல நின்னிருப்பான்” என்றான். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் கழுத்தின் பின்பக்கம் சிவந்ததை நான் பார்த்தேன். தான் செய்ததை ஊர் முழுக்கச் சொல்லத் தெரிந்தவனுக்கு இன்னொருத்தி செய்தது மட்டும் மறந்துபோகும். அது மறதி இல்லை, பேர் வாங்கின ருசி.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் ஒரு துவையல் அரைத்தாலும், வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், இது இவள் அரைத்தது என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல். ‘நம்ம வீட்டுல’ என்று சொல்லாதே. ‘நம்ம’ என்கிற வார்த்தைக்குள் எத்தனை பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நாலு பேர் நடுவில் யாராவது அவளை யார் என்று கேட்டால், உன் வாயில் முதலில் என்ன வருகிறது என்று அவள் காது தீட்டிக்கொண்டு நிற்பாள். அவள் சண்டை போட மாட்டாள், சிரித்துக்கொண்டே காபி கொடுப்பாள். ஆனால் பிறகு அவள் ஆயுள் முழுக்க அந்த ஒரு வார்த்தையோடுதான் உனக்குச் சோறு போடுவாள். என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்.

இனி பத்திரிகைக்கு வருகிறேன். நீ வைத்துவிட்டுப் போன தாளை எடுத்துக்கொண்டு நேற்று நானும் அப்பாவும் பூந்தமல்லிக்குப் போனோம். அவர் வழி முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றுதான் வந்தார், ஆனாலும் வந்தார். அச்சகத்தில் இருந்தவர் தாளை வாங்கிப் படித்தார். கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்றேன்.

“தாய்மாமன் பேரு இல்லாம பத்திரிகையாம்மா? ஊருல கேப்பாங்களே.”

“கேக்கணும்னுதான்.”

“எடம் வெறுமையா இருக்குமேம்மா. ரெண்டு பூப்படம் எதனா போட்டுடவா?”

“ஒண்ணும் போடாதீங்க. வெறுமையாவே இருக்கட்டும்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அச்சு ஓடத் தொடங்கிவிட்டது. இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது பத்திரிகை அச்சாகிக் கட்டுக் கட்டாக இருக்கும். இனி போய் மாற்றலாம் என்று நினைக்காதே.

அவன் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். மேடை ஏறட்டும், மாமன் மாலையை உன் கழுத்தில் போடட்டும், அது உன் உரிமை, அதை நான் பிடுங்க மாட்டேன். இலையில் அவனுக்கு இரண்டு தடவை பாயசம் நானே ஊற்றுவேன். ஆனால் அதற்கு முன்னால் நானே போய் அவன் கடை வாசலில், ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து நீட்டுவேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படிப்பான். தன் பெயரைத் தேடுவான். திருப்பிப் பார்ப்பான், மறுபடி முதலிலிருந்து படிப்பான். பக்கத்தில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்போது அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, என் பெயர் எங்கே என்று கேட்டே ஆக வேண்டும். இத்தனை வருஷமாக நான் கேட்காமல் விழுங்கிய கேள்வி அது. அவன் ஒரு முறை கேட்கட்டும், அதுவும் ஆட்கள் நடுவில் கேட்கட்டும். எந்தக் காத்தாடி என்று அதற்கப்புறம் அவன் கேட்க மாட்டான்.